கேபிளைப் பிடுங்கி எறியாதே!

கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு வீடியோ காப்பி எத்தனை சதவீதத்தில் நின்றது?

அறுபதா? எண்பதா? இல்லை, தொண்ணூற்றெட்டு வரைக்கும் ஓடிவந்து வாசற்படியில் விழுந்ததா?

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தாய். ஹெல்மெட்டில் கேமராவை மாட்டினாய். பனிக்குள் புகுந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தாய். ஒரு வளைவிலாவது உன் கை நடுங்கியதா?

இல்லையே! அப்படியென்றால் வீட்டுக்கு வந்து ஒரு கேபிளைச் சொருகும்போது மட்டும் ஏன் நடுங்குகிறது?

"எனக்கு இந்த டெக்னிக்கல் சமாச்சாரமெல்லாம் வராது."

"நான் படித்தது ஆர்ட்ஸ் குரூப்."

"என் ராசி அப்படி. நான் தொட்டால் எதுவும் முழுசாக முடியாது."

நிறுத்து!

கேபிளுக்குள் ஓடுவது மின்சாரம். அதற்கு உன் ராசியும் தெரியாது, நீ படித்த குரூப்பும் தெரியாது. கம்பி தொட்டுக்கொண்டிருக்கிறதா, இல்லையா? அது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

நானும் ஒருநாள் கேபிளைப் பிடுங்கி எறிந்தவன்தான். அதற்கு நான் கொடுத்த விலையைக் கேள்.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் என் அப்பா என் மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். அவருக்கு 71 வயது. அவளுக்கு ஆறு. வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து குதித்தார் மனுஷன்!

கேமரா என் மணிக்கட்டில் இருந்தது. அப்பாவின் உள்ளங்கைமேல் அவள் வயிறு. கால்கள் தண்ணீரை அடிக்கின்றன. அவர் மெல்லக் கையை எடுக்கிறார். அவள் மிதக்கிறாள். மிதப்பது அவளுக்கே தெரியவில்லை. தெரிந்த அந்த நொடியில் அவள் போட்ட கூச்சல் கிணற்றுச் சுவரெல்லாம் மோதித் திரும்பியது.

அந்த ஃபைல்தான் எண்பது சதவீதத்தில் நின்றது.

நான் என்ன செய்தேன்? எரிச்சலில் கேபிளைப் பிடுங்கினேன். மறுபடி சொருகினேன். மறுபடி நின்றது. மறுபடி பிடுங்கினேன். லேப்டாப்பில் ஃபைல் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். மறுநாள் ஒரு கல்யாணம். கார்டை ஃபார்மேட் செய்து, அதிலேயே படம் எடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்த ஃபைலைத் திறந்தேன். பெயர் இருந்தது. அளவு 0 பைட்!

அடுத்த கோடைக்குள் அப்பாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதன்பிறகு அவர் கிணற்றில் இறங்கவே இல்லை.

கேபிள் பழுதானது என் தவறல்ல. திறந்து பார்க்காமல் விட்டது என் தவறு. பத்து நிமிடம் உட்கார்ந்து யோசிக்கப் பயந்தது என் தவறு! அதனால்தான் உன்னிடம் இத்தனை சத்தமாகப் பேசுகிறேன்.

நீ கையில் பிடித்திருக்கும் யு.எஸ்.பி. எப்படிப் பிறந்தது தெரியுமா?

வடோதராவில் படித்துவிட்டு அமெரிக்கா போன அஜய் பட், அப்போது இன்டெலில் பொறியாளர். வீட்டுக் கம்ப்யூட்டரோடு பிரிண்டரை இணைக்க அவர் குடும்பமே திண்டாடியது. அந்தக் காலத்தில் மவுஸுக்கு ஒரு சாக்கெட், பிரிண்டருக்கு ஒரு சாக்கெட், மோடத்துக்கு இன்னொன்று. இணைத்தாலும் உடனே வேலை செய்யாது. பொறியாளர் வீட்டிலேயே இந்தப் பாடு!

அவர் ராசியை நொந்துகொண்டாரா? "இது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்க வேண்டும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போனபோது எல்லாரும் உடனே தலையாட்டிவிடவில்லை. அவர் விடவில்லை. 1996 ஜனவரியில் யு.எஸ்.பி. 1.0 வெளிவந்தது. 2013ல் அவருக்கும் அவர் குழுவினருக்கும் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது.

எல்லாம் ஒரு கேள்வியில் தொடங்கியது. நீயும் கேள்! ஆனால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி.

இந்தக் கேபிள் டேட்டாவைக் கொண்டுபோகுமா? அங்கே தொடங்கு.

கேமராவில் சார்ஜ் ஏறுகிறது. கம்ப்யூட்டரிலோ கேமராவே தெரியவில்லை. எத்தனை பேர் இந்த இடத்தில் "கேமரா போச்சு" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள்!

சாதாரண யு.எஸ்.பி. 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. வெள்ளையும் பச்சையும் டேட்டாவுக்கு. பவர் பேங்கோடும் டார்ச்லைட்டோடும் வரும் மலிவான வயர்கள் சிலவற்றில் அந்த வெள்ளையும் பச்சையும் கிடையவே கிடையாது. இல்லாத கம்பியில் உன் மலைப்பயணம் எப்படி வந்து சேரும்?

கேபிளை லேசாக அசைத்துப் பார். கம்ப்யூட்டர் ஒவ்வொரு அசைவுக்கும் சத்தம் போடுகிறதா? கேமரா வருகிறது, போகிறது, வருகிறதா? உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, அல்லது முனை தளர்ந்திருக்கிறது. பிடிபட்டுவிட்டது!

பிளக்கின் வடிவத்தைப் பார்த்து ஏமாறாதே. கோப்ரோ கேமராக்களில் ஹீரோ5 மாடல் முதல் டைப்-சி சாக்கெட் வந்துவிட்டது. ஆனால் டைப்-சி முனை இருப்பதாலேயே கேபிள் வேகமானது ஆகிவிடாது. எத்தனையோ டைப்-சி கேபிள்களுக்குள் ஓடுவது பழைய யு.எஸ்.பி. 2.0 தான்.

அதன் வேகம் காகிதத்தில் நொடிக்கு 480 மெகாபிட். அதாவது 60 மெகாபைட். கைக்கு வருவது 30, 40 மெகாபைட்தான். 64 ஜிபி கார்டு நிறைந்திருந்தால் காலியாக அரைமணி நேரம் ஆகும்.

அரைமணி நேரம் ஆவது பழுதா? இல்லை! மெதுவாக வருவது வேறு, வராமல் போவது வேறு. உன் பொறுமை தீர்ந்துபோனதை எந்திரத்தின் பழுது என்று எழுதிவைக்காதே.

நீளத்தையும் பார். யு.எஸ்.பி. 2.0 கேபிள் ஐந்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். நீ ஒரு மீட்டருக்கு உட்பட்டதை எடு. எக்ஸ்டென்ஷன் வயரைக் கழற்று.

கேபிளை மாற்றினாயா? இப்போது வேறு எதையும் தொடாதே!

இங்கேதான் அவசரக்காரர்கள் விழுகிறார்கள். கேபிளை மாற்றுவார்கள், போர்ட்டை மாற்றுவார்கள், லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்வார்கள், எல்லாம் ஒரே மூச்சில். ஓடிவிட்டால் சந்தோஷம். எது சரிசெய்தது? தெரியாது! மூன்று வைத்தியர் கொடுத்த மருந்தை ஒரே டம்ளரில் கலந்து குடித்தவனுக்கு எந்த மருந்து கேட்டது என்று எப்படித் தெரியும்? அடுத்த வாரம் காய்ச்சல் திரும்பும். திரும்பவும் மூன்று வைத்தியர்.

ஒரு தாளை எடு. மாற்றியதை எழுது. நடந்ததை எழுது. பள்ளிக்கூடத்து அறிவியல் நோட்டில் நீ செய்யாததா இது?

இனி போர்ட். நடுவில் ஹப் இருக்கிறதா? எடுத்து வை. டெஸ்க்டாப்பா? முகப்பில் உள்ள சாக்கெட் உள்ளே ஒரு வயர் வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகிறது. முதுகுப் பக்கத்துச் சாக்கெட் மதர்போர்டிலேயே இருக்கிறது. அங்கே சொருகு.

யு.எஸ்.பி. 2.0 போர்ட் தரும் மின்சாரம் 500 மில்லி ஆம்பியர். யு.எஸ்.பி. 3.0 தருவது 900. தனி மின்சாரம் இல்லாத ஹப் அந்தக் கொஞ்சத்தையும் மவுஸுக்கும் கீபோர்டுக்கும் பென் டிரைவுக்கும் பங்கு போடுகிறது. கேமராவுக்கு மிஞ்சுவது என்ன? காப்பி செய்வதற்குமுன் கேமராவின் பேட்டரியை நிரப்பு. அரை உயிரோடு இருப்பதிடம் அறுபது ஜிபி சுமக்கச் சொல்லாதே.

கேமராவின் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாயா? மணல் இருக்கும். பஞ்சு இருக்கும். கடலில் எடுத்தாயென்றால் உப்பு இருக்கும். கேமராவை அணை. உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடு. ஊசியோ குண்டூசியோ உள்ளே போகக்கூடாது!

பாதியில் அறுவதற்கு இன்னொரு காரணம் லேப்டாப்பின் மின்சிக்கனம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திற. யு.எஸ்.பி. ரூட் ஹப்பை இருமுறை அழுத்து. பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டருக்கு அனுமதி தரும் டிக் இருக்கும். அதை எடு. இரண்டு நிமிட வேலை. இதற்கா இத்தனை நாள் பயந்தாய்?

கோப்ரோவின் புதிய மாடல்களில் யு.எஸ்.பி. இணைப்பு என்று ஒரு செட்டிங் இருக்கிறது. ஒன்று எம்.டி.பி., மற்றது கோப்ரோ கனெக்ட். ஃபைல்களை எடுக்க எம்.டி.பி. வேண்டும். கனெக்டில் விட்டுவிட்டு "கம்ப்யூட்டருக்குக் கேமராவே தெரியவில்லை" என்று அழாதே. மேக் வைத்திருக்கிறாயா? எம்.டி.பி.யில் கேமரா ஒரு டிரைவாக ஃபைண்டரில் வந்து உட்காராது. இமேஜ் கேப்சரைத் திற, அங்கே இருக்கும்.

எம்.டி.பி. ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். நூறு ஃபைல்களை மொத்தமாக இழுத்துப் போட்டுவிட்டு, அது ஓடும்போதே ஒரு வீடியோவைத் திறந்து பார்த்தால் திணறத்தான் திணறும். ஐந்து ஐந்தாக எடு. கட் செய்து பேஸ்ட் செய்யாதே, ஒருபோதும்! காப்பி மட்டும் செய். பாதி வழியில் அறுந்தாலும் மூலம் மூலமாகவே இருக்க வேண்டும்.

"எல்லாம் செய்து பார்த்தேன், திரும்பவும் தோற்றுவிட்டேன்" என்கிறாயா?

எத்தனை முறை செய்தாய்? ஒருமுறையா?

அந்தக் கம்பிக்குள் நடப்பதைச் சொல்கிறேன், கேள்.

உன் வீடியோ ஒரே கட்டியாக வருவதில்லை. யு.எஸ்.பி. 2.0 வேகத்தில் அது 512 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது. 4 ஜிபி ஃபைல் ஒன்றுக்கு 83,88,608 பொட்டலங்கள்! ஒவ்வொன்றின் வாலிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் ஒட்டியிருக்கிறது. பொட்டலம் வந்ததும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பார்க்கிறது. எண் பொருந்தினால் "வந்தது" என்று பதில் போகும். பொருந்தவில்லையா? பதில் போகாது. அதே பொட்டலம் மறுபடி வரும்.

அதுவும் தவறினால்? மறுபடி!

ஒரே இடத்தில் தொடர்ந்து மூன்று முறை தவறிய பிறகுதான் அது நிறுத்துகிறது. நிறுத்தினாலும் ஓடி ஒளிவதில்லை. "இங்கே பழுது" என்று மேலே சொல்கிறது. நீ பார்க்கும் எர்ரர் அதுதான். அது உன்னைத் திட்டவில்லை. பழுது இருக்கும் திசையை உனக்குக் காட்டுகிறது!

அரிசிமணி அளவு தகவலுக்காக உயிரில்லாத ஒரு சிப் மூன்று முறை முயல்கிறது. உயிருள்ள நீ ஒரே முறையில் கேபிளைத் தூக்கி எறிகிறாய். சரியா?

இனி உன் கடைசிப் பயத்தைத் தொடுகிறேன். "கேமராவிலிருந்து கார்டை எடுத்தால் கெட்டுவிடுமோ?"

கெடாது! கேமராவை முழுவதும் அணைத்துவிட்டு எடு. மைக்ரோ எஸ்.டி. கார்டைப் பெரிய அடாப்டருக்குள் போடு. அடாப்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பூட்டு இருக்கிறதே, அதை லாக் பக்கம் தள்ளு. பெரும்பாலான ரீடர்களில் இனி கம்ப்யூட்டர் அந்தக் கார்டில் எதையும் எழுதாது, அழிக்காது. படிக்க மட்டும் செய்யும். அதைக் கார்டு ரீடரில் சொருகு.

கேமராவின் கேபிள், பேட்டரி, செட்டிங், சூடு எல்லாம் ஒரே வீச்சில் வழியிலிருந்து விலகிவிட்டன. யு.ஹெச்.எஸ்.-ஐ கார்டு என்றால் நொடிக்கு 104 மெகாபைட் வரை இந்தப் பாதை தாங்கும். கேபிளில் அரைமணி நேரம் இழுத்தது இங்கே கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிடக்கூடும். என்னைக் கேட்டால், கார்டு ரீடர்தான் முதல் வழி. கேபிள் இரண்டாவது.

இன்னொன்றும் தெரிந்துவிடும். ரீடரில் எல்லாம் ஒழுங்காக வந்தால் பழுது கேபிள் பக்கம். வேறு ரீடரிலும் அதே ஃபைலில் அதே இடத்தில் நின்றால் பழுது கார்டில். ஒரே சோதனையில் பாதி உலகத்தை நீ ஒதுக்கிவிட்டாய்!

"டிரைவை ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால்? வேண்டாம் என்று அழுத்து. கை பதறாதே. அந்தப் பெட்டிக்குப் பதில் சொல்லும் அதிகாரம் உன்னிடம் இருக்கிறது.

கார்டே போலியாக இருக்கலாம். 128 ஜிபி என்று மேலே அச்சடித்திருக்கும், உள்ளே அதில் கால்வாசிகூட இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். காப்பி எடுத்து முடித்த கார்டில் மட்டும் அதை ஓட்டு.

தோல்வியே இல்லாததைத் தோல்வி என்று நினைத்துத் துவண்டாயா? அதுவும் நடக்கிறது. வீடியோ முழுதாக வந்திருக்கும், ஓடாது. ஃபைல் பெயர் ஜி.எக்ஸ். என்று தொடங்குகிறதா? அது ஹெச்.இ.வி.சி. என்ற சுருக்க முறையில் பதிவானது. உன் பிளேயருக்கு அந்த மொழி தெரியவில்லை, அவ்வளவுதான். வி.எல்.சி.யில் திறந்து பார்.

"நடுவில் ஒரு பகுதியைக் காணோம்" என்கிறாயா? நீளமான பதிவை கோப்ரோவின் பெரும்பாலான மாடல்கள் சுமார் 4 ஜிபி துண்டுகளாக வெட்டிவைக்கும். 010034 முதல் துண்டு. 020034 இரண்டாவது. கடைசி நான்கு இலக்கம்தான் பதிவின் எண். பெயர் வரிசையில் அடுக்கினால் ஒரே பதிவின் துண்டுகள் திசைக்கொன்றாகச் சிதறும். தொலைந்துவிட்டதாக நீ அழுத காட்சி பட்டியலின் கடைசியில் உட்கார்ந்திருக்கும். போய்ப் பார்!

இப்போது, நான் செய்யாமல் விட்ட அந்த ஒரு வேலை.

காப்பி முடிந்ததும் கொண்டாடாதே. ஃபைல்களின் எண்ணிக்கையை இரண்டு பக்கமும் எண்ணு. அளவைப் பைட் வரைக்கும் ஒப்பிடு. ஒவ்வொரு வீடியோவின் கடைசிப் பத்து நொடியை ஓட்டிப் பார்.

விட்டுப்போகக் கூடாத காட்சி என்றால் இன்னும் ஒரு படி ஏறு. பவர்ஷெல்லைத் திற. கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளையைக் கார்டில் இருக்கும் ஃபைலுக்கு ஒருமுறை கொடு, லேப்டாப்பில் இருக்கும் ஃபைலுக்கு ஒருமுறை கொடு. 64 எழுத்தில் ஒரு கைரேகை வரும். இரண்டும் ஒன்றா? காப்பி அப்பழுக்கில்லாதது. ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் கைரேகை தலைகீழாக மாறிவிடும்.

அதன்பின் இன்னொரு டிரைவில் இன்னொரு காப்பி. அதற்கும் அப்புறம்தான் ஃபார்மேட். அதையும் கேமராவுக்குள் வைத்தே செய்.

ஏற்கெனவே ஃபார்மேட் செய்துவிட்டாயா? ஒரு ஃபோட்டோகூட எடுக்காதே! கார்டை உடனே வெளியே எடு. அதன்மேல் புதிதாக எழுதப்படாத வரைக்கும் பழைய தடயங்கள் உள்ளே இருக்க வாய்ப்புண்டு. ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் அதைத் தோண்டி எடுக்கப் பார்க்கும். எல்லாம் திரும்புமா என்று கேட்காதே. தோண்டு! நான் கல்யாணத்தைப் படம் எடுக்காமல் இருந்திருந்தால் எனக்கும் அந்த வாய்ப்பு இருந்திருக்கும்.

போன மே மாதம் அதே கிணறு.

என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு. தண்ணீரில் அவள் கை, அதன்மேல் அவள் தம்பியின் வயிறு. மேட்டில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். "கையை எடு, கையை எடு" என்று அவர்தான் மேலிருந்து கத்தினார். அவள் எடுத்தாள். பையன் மிதந்தான்.

ராத்திரி கார்டை அவளிடம் கொடுத்தேன். அடாப்டரில் போட்டாள். பூட்டைத் தள்ளினாள். முதல் ரீடரில் பாதியில் நின்றது. முகம் வாடியது. நான் வாயைத் திறக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதினாள்: "ரீடர் 1, முன்பக்கப் போர்ட், நின்றது." பின்பக்கப் போர்ட்டில் சொருகினாள். ஓடியது.

பிறகு இரண்டு கைரேகைகளையும் தாளில் எழுதி, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். அறுபத்து நாலும் பொருந்தின. டி.வி.யில் போட்டாள். அப்பா மூன்று முறை பார்த்தார்.

உன் கார்டு எங்கே இருக்கிறது? கேமராவிலேயேவா?

எடுத்து வா!